பிறப்புக்கல்லும் வினைப்பயனும்

பிறந்த திங்களுக்குரிய மணியை அணியின் ஊழின் கொடுமை நீங்குமென்று நம்மவருட் சிலர் கொண்டுள்ளனர். ஜூலைத் திங்களுக்கு மாணிக்கமென்னும் வரிசை 1912ஆம் ஆண்டில் அமெரிக்க அணிகல வணிகர் சங்கத்தார் வகுத்தது. நம் நாட்டுச் சோதிட வழக்கோ மாணிக்கத்தை ஞாயிற்றுக்கு உரித்தாக்கும். இவ்விரண்டும் தம்முள் ஒவ்வாமையை அணிவோர் நோக்குவாரல்லர்.

பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்து மணிகளின் பிறப்பினையும் இயல்பினையும் விரித்துரைத்தனரன்றோவெனின், உரைத்தது உண்மையே. மாணிக்கம் விற்ற படலத்தில் வலன் என்னும் அவுணனுடைய உடலுறுப்புக்களே மணிகளாயின. அவன் குருதி மாணிக்கமாயிற்று. ஆயினும், முடியிழந்து நின்ற பாண்டியன் மைந்தனுக்கு உதவியது அக்கல்லன்று. வணிகராய் எழுந்தருளி அதனை அளித்த சோமசுந்தரக் கடவுளின் திருவருளே. படலத்தின் கருத்தும் அதுவேயாம்.

இருவினையும் சடமாதலின் தாமே சென்று பயன் தரமாட்டா. இறைவனே ஊட்டுவன் என்பது சித்தாந்தத் துணிபு. வினைக்கே இயலாதது கல்லுக்கு இயலுமோ? கோள்நிலை தீதென்று அப்பரடிகள் தடுத்தருளியபோது, திருமறைக்காட்டில் ஆளுடைய பிள்ளையார் மணியைத் தேடினாரல்லர், பதிகமே பாடியருளினார்.

அழகு கருதி மணி அணிதல் குற்றமன்று. அதனைத் துணையெனச் சார்தலே குற்றம். பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் கொள்ளுமாறுபோல, உயிரும் சார்ந்ததன் வண்ணமாம். கல்லைச் சார்ந்த உயிர் எவ்வண்ணமாகுமென்பதை அன்பர்கள் சிந்திப்பாராக.