கேட்டவர்கள் எழுதிய வரலாறு

ஜாஸ் வரலாறு என்று இன்று நாம் படிப்பதில் பெரும்பகுதியை முதலில் தொகுத்தவர்கள் பேராசிரியர்கள் அல்ல. இசைத்தட்டு வாங்கி, நண்பர்களைக் கூட்டி, போட்டுக் கேட்டு, விடிய விடிய வாதாடிய ரசிகர்கள்தான். பிடித்த தட்டைப் பகிர்ந்துகொள்வது அவர்களுக்குப் பொழுதுபோக்காக இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பழக்கத்திலிருந்துதான் ஜாஸ் ஆவணக் களமும் விமர்சன மரபும் சில முக்கியமான இசைத்தட்டு நிறுவனங்களும் பிறந்தன.

இதற்கான தேவையை உண்டாக்கியது 1920களின் இசைத்தட்டுதான். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிட இசை. லேபிளில் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் இருக்கும். டிரம்பெட் யார், பியானோ யார் என்ற விவரம் பெரும்பாலும் இருக்காது. குழுவின் பெயரைக்கூட நம்ப முடியாது. டியூக் எலிங்டனின் குழு ஒரு கம்பெனியின் தட்டில் 'ஜங்கிள் பேண்ட்', இன்னொன்றில் 'வூப்பி மேக்கர்ஸ்'. ஃபிளெட்சர் ஹெண்டர்சனின் குழு 'டிக்ஸி ஸ்டாம்பர்ஸ்' என்ற பெயரிலும் வந்தது. பல கம்பெனிகளுக்கு ஒரே சமயத்தில் வாசிக்க இந்தப் புனைபெயர்கள் வசதியாக இருந்தன. வாசித்தது யார் என்பதைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் காது போதாது, நாலு பேர் உட்கார வேண்டும்.

அப்படி உட்கார்ந்தவர்களில் முன்னோடிகள் பிரான்சின் 'ஹாட் கிளப்'காரர்கள். 1932இல் தொடங்கிய அந்த அமைப்பில் ஊக் பனாசியேவும் சார்ல் தெலோனேயும் முக்கியமானவர்கள். ஜாங்கோ ரைன்ஹார்ட்டும் ஸ்தெஃபான் கிராப்பெல்லியும் வாசித்த புகழ்பெற்ற ஐவர் குழு 1934இல் இந்தக் கிளப்பின் பெயரைத் தாங்கியே மேடையேறியது. 1936இல் தெலோனே 'ஹாட் டிஸ்கோகிராஃபி' என்ற நூலை வெளியிட்டார். எந்தத் தட்டில் யார் எந்த வாத்தியம், எப்போது பதிவானது என்று வரிசைப்படுத்திய அந்த நூல், பின்னால் வந்த எல்லா இசைத்தட்டு அட்டவணைகளுக்கும் வழிகாட்டி.

அந்த வேலையின் நுட்பத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். லேபிளை ஒட்டி, பள்ளங்கள் முடியும் இடத்தில் ஒரு சிறிய எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதுவே மேட்ரிக்ஸ் எண். பதிவுக்கூடத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் அதைக் கொடுப்பார்கள். அதே பாட்டை எத்தனையாவது முறை வாசித்தார்கள் என்பதற்குப் பக்கத்தில் இன்னொரு குறி. கடையில் ஒரே விற்பனை எண்ணோடு கிடைக்கும் இரண்டு தட்டுகளில் இரு வேறு வாசிப்புகள் இருப்பதும் உண்டு. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து இந்த எண்களைப் படித்து, கடிதங்களில் எழுதி ஒப்பிட்டார்கள் ரசிகர்கள்.

மனோதர்மமே உயிரான இசையில் இது வீண் நுணுக்கம் இல்லை. 1947 அக்டோபர் 28 அன்று நியூயார்க்கில், டயல் நிறுவனத்துக்காகச் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் 'எம்ப்ரேசபிள் யூ' பாட்டை இரண்டு முறை வாசித்தார். முதல் வாசிப்பில் கெர்ஷ்வின் இயற்றிய மூல மெட்டை அவர் ஏறக்குறையத் தொடவே இல்லை; ஒரு சிறிய சுரக்கோவையை எடுத்து, அதையே விரித்து, திருப்பி, உயர்த்தி முழுத் தனிவாசிப்பையும் கட்டுகிறார். அடுத்த வாசிப்பின் கட்டுமானம் முற்றிலும் வேறு. இரண்டில் எது மேல் என்பதில் இன்றுவரை ரசிகர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அந்த வாதமே பார்க்கரின் சிந்தனையை நமக்குத் திறந்து காட்டுகிறது.

வாசித்தவர் யார் என்று தேடும் இதே வேலை அமெரிக்காவில் ஒரு கடையில் நடந்தது. நியூயார்க் 42ஆவது தெருவில் மில்ட் கேப்ளர் நடத்திய 'கமடோர்' கடை, ரசிகர்களும் இசைக்கலைஞர்களும் கூடும் இடமாக இருந்தது. பழைய தட்டுகளை மறுபதிப்புச் செய்தபோது வாசித்தவர்களின் பெயர்களை லேபிளிலேயே அச்சிட்டார் கேப்ளர். 1938இல் அதே கடை சொந்த நிறுவனமாகவும் ஆனது. கறுப்பின மக்களை அடித்துக் கொன்று மரத்தில் தொங்கவிட்ட கொடுமையைப் பாடும் 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பாட்டைப் பதிவுசெய்யக் கொலம்பியா நிறுவனம் தயங்கியது. பாடகி பில்லி ஹாலிடே கமடோருக்கு வந்து 1939 ஏப்ரலில் அதைப் பதிவுசெய்தார். அதே ஆண்டு ஜனவரியில், பெர்லினில் இளவயதிலேயே ஜாஸில் ஈடுபட்ட ஆல்ஃப்ரெட் லயன் தன் முதல் பதிவை நடத்தினார். 'புளூ நோட்' நிறுவனம் தொடங்கியது. அவருடைய பெர்லின் நண்பர் ஃபிரான்சிஸ் வோல்ஃப் பிறகு வந்து சேர்ந்துகொண்டார்.

நிறுவனங்கள் விட்ட இடங்களையும் ரசிகர்களே நிரப்பினார்கள். 1942 ஆகஸ்டில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் பதிவுகளைப் புறக்கணித்தது. பீபாப் என்ற புதிய ஜாஸ் பாணி உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. அதன் தொடக்கம் தட்டுகளில் பதியாமலே போயிற்று. அதற்கு முந்தைய ஆண்டிலேயே கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் ஜெர்ரி நியூமன், ஹார்லெமின் மின்டன்ஸ் விடுதிக்குப் பதிவுக்கருவியைத் தூக்கிச் சென்றிருந்தார். 1942 மார்ச்சில் மறைந்த சார்லி கிறிஸ்டியன் என்ற இளம் கிதார் மேதை, தட்டின் மூன்று நிமிடக் கட்டுப்பாடு இல்லாமல் நீண்டு வாசிப்பதை இன்று நாம் கேட்க முடிவது நியூமனால்தான். சில ஆண்டுகளுக்குப் பின் டீன் பெனடெட்டி என்ற சாக்ஸபோன் கலைஞர், பார்க்கர் வாசிக்கும்போது மட்டும் கருவியை ஓடவிட்டு, மற்றவர்கள் தொடங்கியதும் நிறுத்திவிடுவார். அந்தப் பதிவுகள் 1990இல் மொசைக் நிறுவன வெளியீடாக வந்தன.

ஜப்பானில் இந்தப் பகிர்வு வேறு உருவம் எடுத்தது. இறக்குமதித் தட்டு வாங்கக் கட்டுப்படியாகாத இளைஞர்கள், ஒரு காப்பி வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் தட்டு கேட்கும் 'ஜாஸ் கிஸ்ஸா' காப்பிக்கடைகளுக்குப் போனார்கள். யோகோஹாமாவில் 1933இல் தொடங்கிய 'சிகுசா' இவற்றில் மூத்தவற்றுள் ஒன்று. 1945 மே மாத விமானக் குண்டுவீச்சில் அதன் தட்டுகள் எரிந்துபோயின. போருக்குப் பின் கடை மீண்டும் திறந்தது. இளம் பியானோக் கலைஞர் அகியோஷி தோஷிகோ அங்கே தட்டைக் கேட்டுக் கேட்டுச் சுரங்களை எழுதிப் பழகினார். இத்தகைய பல கடைகளில் பேசத் தடை உண்டு. உரிமையாளர் தட்டின் ஒரு பக்கத்தை முழுதாக ஓடவிடுவார். ஓடும் தட்டின் உறையை எல்லார் கண்ணிலும் படும்படி நிறுத்தி வைப்பார். விருப்பத்தைச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். பியானோக் கலைஞர் சன்னி கிளார்க் 1958இல் பதிவுசெய்த 'கூல் ஸ்ட்ரட்டின்' இசைத்தட்டு அமெரிக்காவில் பெரிய கவனம் பெறவில்லை. ஜப்பானில் இந்தக் கடைகளின் வழியே நிலைத்த புகழ் பெற்றது. ஒரு படைப்பின் மதிப்பை அது பிறந்த ஊரே தீர்மானிக்க வேண்டும் என்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

இந்த மரபின் குறைகளையும் பேசியாக வேண்டும். கையில் கிடைத்த தட்டை வைத்தே தீர்ப்பு சொல்வது முதல் குறை. பனாசியேவின் 1934ஆம் ஆண்டு நூல் வெள்ளைக் கலைஞர்களைத் தூக்கிப் பிடித்தது. அவர்களின் தட்டுகளையே முதலில் கேட்டதால் தவறினேன் என்று பின்னர் அவரே எழுதினார். பிறகு பீபாப் வந்தபோது அது ஜாஸே இல்லை என்று மறுத்துத் தெலோனேயிடமிருந்து பிரிந்தார். முன்முடிவு கலைஞர்களையும் விடவில்லை. பெயர் சொல்லாமல் தட்டைப் போட்டுக் கருத்துக் கேட்கும் சோதனையை லெனர்ட் ஃபெதர் 1940களில் பத்திரிகையில் தொடங்கினார். வாசிப்பது கறுப்பரா வெள்ளையரா என்று கேட்டவுடனே சொல்லிவிடுவேன் என்ற டிரம்பெட் மேதை ராய் எல்ட்ரிட்ஜ், 1951இல் அந்தச் சோதனையில் தோற்றார். இசையைப் படைத்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள், தீர்ப்புச் சொல்பவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். அந்த இசை எந்த வாழ்க்கையிலிருந்து வருகிறது என்பதை இவர்கள் கவனிக்கவில்லை என்று 1963இல் எழுதினார் கறுப்பின எழுத்தாளர் அமிரி பராக்கா. அந்த விமர்சனம் இன்றும் வலுக்குறையவில்லை.

ஆனாலும் ரசிகர்கள் விதைத்தது நிறுவனங்களாகவும் விளைந்தது. ஹாட் கிளப் ஆர்வலர் மார்ஷல் ஸ்டேர்ன்ஸ் 1952இல் தொடங்கிய ஜாஸ் ஆய்வுக் கழகம், இன்று ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் பெரும் ஆவணக் காப்பகம். தெலோனியஸ் மங்க்கும் ஜான் கோல்ட்ரேனும் 1957 நவம்பரில் கார்னகி அரங்கில் வாசித்த நிகழ்ச்சியின் நாடா, 2005இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் கிடைத்தது. உறையில் 'டி. மங்க்' என்ற எழுத்தைக் கண்டு நின்ற ஒருவர் அங்கே இருந்ததால்தான் அது நமக்குக் கிடைத்தது.

இன்று ஏறக்குறைய எல்லாப் பதிவும் கைப்பேசியில் இருக்கிறது. ஆனால் தலைவரின் பெயர்தான் பளிச்சென்று தெரிகிறது. டிரம்ஸ் யார், பாஸ் யார் என்று தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. 1920களின் லேபிள் எழுப்பிய அதே கேள்வியை இன்றைய திரையும் எழுப்புகிறது. பார்க்கரின் அந்த இரண்டு வாசிப்புகளை ஒரு நண்பரோடு அடுத்தடுத்துக் கேளுங்கள். எது மேல் என்று சண்டை போடுங்கள். உங்கள் கட்சிக்கு ஆதாரம் தேடத் தொடங்கும்போது நீங்களும் தெலோனே செய்த வேலையைத்தான் செய்கிறீர்கள்.