பார்த்துவிட்டுச் செய்யும் வரி

நல்ல அட்மின் எழுதிய பவர்ஷெல் வரியை நான் கடைசியிலிருந்துதான் படிப்பேன். எதை மாற்றப்போகிறது என்று முதலில். அது யார் தலையில் விழும் என்று பிறகு.

சாட், மீட்டிங், டெலிபோன் மூன்றையும் ஒரே இடத்தில் கவனிக்கும் மைக்ரோசாஃப்டின் லிங்க் சர்வர் 2010-இல் வந்தபோது, அதன் நிர்வாகத்தில் பெரும்பகுதி, கமாண்டுகளைத் தட்டி வேலை வாங்கும் பவர்ஷெல்லுக்கு மாறியது. பட்டன்கள் கொண்ட கன்ட்ரோல் பேனலும் உண்டு. பட்டனை அழுத்தினால் உள்ளே ஓடுவதும் இதே கமாண்டுகள்தான். அதே சர்வர் 2015-இல் ஸ்கைப் ஃபார் பிசினஸ் ஆனது. இன்று அதன் இடத்துக்கு வந்த டீம்ஸில், யாருக்கு எது அனுமதி என்ற பாலிசியைக் கொடுப்பவரும் 'கிராண்ட்-சிஎஸ்' என்றே தட்டத் தொடங்குகிறார்.

'கெட்-சிஎஸ்யூசர்' என்று ஆட்களை எடுத்து, டெலிபோன் வசதி உள்ளவர்களை மட்டும் வடிகட்டி, பைப் குறி போட்டு, 'கிராண்ட்-சிஎஸ்வாய்ஸ்பாலிசி' என்று முடிக்கும் வரியைப் பாருங்கள். பழைய ஷெல்களின் பைப்பில் ஓடுவது வெறும் எழுத்து; எத்தனையாவது சொல் பெயர், எது எண் என்று நாமே பிரிக்கவேண்டும். ஜெஃப்ரி ஸ்னோவர் வகுத்து 2006-இல் வெளியான பவர்ஷெல்லில் ஆளே முழுதாக, தன் முகவரியோடும் எண்ணோடும் அடுத்த கமாண்டுக்குப் போகிறார். அதனால் வரியின் முன்பாதியைத் தனியாக ஓட்டி, பட்டியலைக் கண்ணால் பார்த்து, பிறகு அதே பாதியோடு பின்பாதியை ஒட்டலாம். 'வாட்இஃப்' சேர்த்தால், செய்யாமலே என்ன செய்வேன் என்று சொல்லும். இந்த நிதானம்தான் இந்தத் தொழிலின் கைப்பக்குவம்.

ஒருவருக்குக் கொடுத்த பாலிசியைத் திரும்ப எடுக்க, புதியவர் கை 'ரிமூவ்' பக்கம் போகும். அது பாலிசியையே நீக்க வந்த கமாண்ட். தேர்ந்தவர் மறுபடி 'கிராண்ட்' போட்டு, பெயருக்குப் பதில் வெறுமையைக் கொடுப்பார். அந்த ஆள் தன் கிளைக்கான பாலிசிக்கோ, அதுவும் இல்லையென்றால் பொதுப் பாலிசிக்கோ போய்விடுவார். எவ்வளவு சுத்தமான வடிவமைப்பு!

என் மனம் அதிகம் லயிப்பது டயல் விதிகளில். லண்டன் அலுவலகத்தில் ஒருவர் 0123 என்று அழுத்துகிறார். சர்வருக்கு வேண்டியது +442079460123. நான்கு இலக்கத்தைப் பிடித்து முன்னால் மீதியைச் சேர்க்க ஒற்றை வரி போதும். ஆனால் அதன் தொடக்கத்தில் 'எண் இங்கேதான் தொடங்குகிறது' என்று சொல்லும் தொப்பிக்குறி (^) இருக்கவேண்டும். அது விட்டுப்போனால் நீண்ட எண்களின் கடைசி நான்கு இலக்கமும் பொருந்திவிடும். மேலிருந்து முதலில் பொருந்தும் விதியே எடுபடும் என்பதால், கீழே காத்திருக்கும் சரியான விதிக்கு முறையே வராது. போனைத் தொடாமலே இதைச் சோதிக்கத் தனிக் கமாண்ட் உண்டு: எண்ணைக் கொடுத்தால் மாறிய எண்ணைக் காட்டும்.

விதி சரியென்றாலும் உடனே டயல் செய்யக்கூடாது. மாற்றம் முதலில் மையக் கிடங்கில் எழுதப்பட்டு, அங்கிருந்து ஒவ்வொரு சர்வருக்கும் நகலாகவேண்டும். சில நிமிடம் பிடிக்கலாம். நான் ரசிக்கும் ஸ்கிரிப்டுகள் எல்லா சர்வரும் 'அப்டுடேட்' என்று சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இருந்து, அதன்பின்தான் சோதனை அழைப்பைப் போடும்.