பத்துப் பம்பு எதற்கு?

ஊருக்குள் புதிதாக ஒரு வெதர்ஸ்பூன் செயின் பப் திறந்தால், பீப்பாயிலேயே பதமாகும் காஸ்க் பீரின் பிரியர்கள் இரண்டு கட்சியாகிவிடுகிறார்கள். ஒரு கட்சி உள்ளே நுழைந்ததும் கைப்பம்புகளை எண்ணுகிறது. எட்டா, பத்தா, பன்னிரண்டா என்று பார்த்து, அந்த எண்ணிக்கையிலேயே பாதி தாகம் தணிந்துவிடுகிறது. இன்னொரு கட்சி செயின் பப் என்ற பேச்சு எழுந்ததுமே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கம்பளத்தின் நிறம் அதற்கு ஆகாது, மேசையில் உட்கார்ந்தபடி போனில் ஆர்டர் போடுவது ஆகாது, காலை எட்டு மணிக்குக் காபி விற்பது ஆகாது. என் வழக்கு இரு தரப்போடும்தான். செயின் பப் காஸ்க் பீருக்குப் பகை என்பதை நான் ஏற்கவில்லை. இன்றைய இங்கிலாந்தில் அந்தப் பீர் நன்றாக வாழ வாய்ப்புள்ள இடங்களில் அதுவும் ஒன்று. அந்த வாய்ப்பைக் கெடுப்பது, முதல் கட்சி எண்ணி எண்ணி மகிழ்கிற அதே பம்பு வரிசை.

கணக்கு எளியது. ஒரு ஃபிர்கின் பீப்பாய்க்கு 9 காலன், அதாவது 72 பைன்ட். அடிவண்டலுக்கும் குழாயில் வீணாவதற்கும் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். திறந்த பீப்பாய்க்கு நியாயமான ஆயுள் மூன்று நாள். ஆகவே ஒரு பம்புக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 24 பைன்ட் ஓட வேண்டும். பத்துப் பம்புக்கு 240. வெள்ளி இரவும் சனி மாலையும் இந்தக் கணக்கைச் சுலபமாகத் தாங்கும். திறந்த புதிதில் வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்தில் செவ்வாய்க்கிழமைகூடத் தாங்கிவிடலாம். கூட்டம் வடிந்தபின் வரும் செவ்வாய்தான் கேள்வி. வருகிறவர்களில் பெரும்பாலோர் லாகர், சைடர், காபி என்று போய்விட, மிஞ்சுகிற காஸ்க் குடியர்கள் பத்துப் பம்புக்கும் பிரிந்து நிற்கிறார்கள். ஒவ்வொரு பீப்பாயிலும் அன்றைக்கு ஆறோ ஏழோ பைன்ட் இறங்குகிறது. இறங்கிய இடத்தைக் காற்று நிரப்புகிறது. நேற்று இறக்கிய கள்ளை இன்றைக்குக் கொடுத்தால் நம் ஊர்க் குடியானவர் சட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஐந்தாம் நாள் பிட்டரை ஆங்கிலேயர் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, காஸ்க் பீர் என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று எண்ணி அடுத்த முறை லாகர் கேட்கிறார். செயின் பப்பில் நடக்கும் உண்மையான சேதம் இது. கம்பளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

என் பிரியம் முழுவதும் ஸ்பைல் மேல். பம்பின் பளபளக்கும் பிடியைப் புகழ ஆள் இருக்கிறது, அதில் மாட்டும் பெயர்க் கிளிப்பின் ஓவியத்தைச் சேகரிக்கக்கூட ஆள் இருக்கிறது. நிலவறையில் பீப்பாயின் மேல்துளையில் செருகியிருக்கும் விரலளவு மரமுளையைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. பீர் பீராக ஆவது அந்த முளையில்தான். மூங்கிலிலோ மென்மரத்திலோ செய்த முளையை முதலில் அடிப்பார்கள். உள்ளே ஈஸ்ட் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். மிகுந்த வாயு மரத்தின் நுண்துளை வழியே நுரையாகக் கசியும். கசிந்த நுரையைத் துடைத்துவிட்டு, அது திரும்ப எழ எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பதுதான் செல்லார்க்காரரின் கலை. உடனே எழுந்தால் பீர் இன்னும் பச்சை. மெதுவாக, சோம்பலாக எழுந்தால் கடின மரமுளைக்கு மாற்றி வாயுவை உள்ளேயே நிறுத்த வேண்டும். விற்பனை நேரத்தில் தளர்த்த வேண்டும், கடை மூடும்போது மறக்காமல் இறுக்க வேண்டும். ஒரே ஒரு இரவு மறந்தாலும் மறுநாள் மதியம் அந்தப் பைன்டில் உயிர் இருக்காது. கீத்லியில் டிமதி டெய்லர் காய்ச்சும் லாண்ட்லார்டைப் பாருங்கள். கோல்டன் பிராமிஸ் பார்லி, நான்கு முறை பிரிட்டனின் சாம்பியன் பீர் பட்டம். இவ்வளவு இருந்தும் மூன்று பப்பில் குடித்தால் மூன்று பீராக இருப்பது அதுதான். துள்ளல் மிகுந்த அந்தப் பீரை வந்திறங்கிய வேகத்தில் பம்பில் மாட்டிவிட்டால் கரடுமுரடாக, கந்தக வாடையோடு நிற்கிறது. சில நாள் பொறுத்து முளையைக் கவனித்தவர் கையில் ஆரஞ்சுத் தோலும் தேனுமாக விரிகிறது. ப்ரூவரி அனுப்புவது முக்கால்வாசிப் பீர்; மிச்சத்தைச் செய்வது நிலவறை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். இப்படிப்பட்ட பொறுமை, பரம்பரையாகப் பப் நடத்தும் குடும்பத்துக்கு வரும். சம்பளத்துக்கு வந்து, இரண்டு வருடத்தில் வேறு ஊருக்கு மாற்றலாகிப்போகும் செயின் மேனேஜருக்கு எப்படி வரும் என்பார்கள். இந்த வாதம் கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் நிற்காது. ஸ்பைல் வேலையில் மர்மம் ஒன்றுமில்லை. கற்றுக்கொடுக்கக்கூடிய, எழுதிவைத்துச் சரிபார்க்கக்கூடிய நடைமுறை அது. நிலவறை 11 முதல் 13 டிகிரி செல்சியஸ், வாரந்தோறும் குழாய் கழுவல், பீப்பாய்க்கு மேல் திறந்த தேதி. நடைமுறைகளைப் பிழையில்லாமல் திரும்பத் திரும்பச் செய்யவைப்பதுதான் செயினுக்கு இயல்பாக வரும் திறமை. சொந்தப் பப் என்ற பெருமையில் வெப்பமானி பக்கமே போகாத முதலாளிகளும் இருக்கிறார்கள். அவர்கள் பப்பில் கணப்படுப்பு அழகாக இருக்கும், பீர் வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால் பத்துப் பம்பு என்றால் ஓடும் பீப்பாய் பத்து, அவற்றுக்குப் பின்னால் பதமாகிக்கொண்டிருக்கும் பீப்பாய் இன்னொரு பத்து. காலையில் சமையலறை, ஆள் பற்றாக்குறை, டெலிவரி எல்லாவற்றையும் பார்க்கும் ஒரே மேனேஜர் இருபது முளையைத் துடைத்துக் காத்திருக்க வேண்டும். நடைமுறை முறிவது இங்கே.

பம்பு எண்ணிக்கைக்கு இவ்வளவு மரியாதை எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு, அதை மதிக்கவும் வேண்டும். 1971-இல் காஸ்க் பீருக்காகப் போராடும் கேம்ரா அமைப்பு தொடங்கியபோது, வாட்னீஸ் ரெட் பேரல் மாதிரி வாயு ஏற்றி அடைத்த கெக் பீர் நாட்டை மூடிக்கொண்டிருந்தது. பெரிய ப்ரூவரிகள் தங்கள் பப்பில் தங்கள் பீரை மட்டுமே விற்றன. 1979-இல் வெதர்ஸ்பூன் நிறுவனர் டிம் மார்ட்டின் வடக்கு லண்டன் மஸ்வெல் ஹில்லில் முதல் பப்பைத் திறந்த காலத்தில், யாருக்கும் கட்டுப்படாத பப்பில் நாலைந்து ப்ரூவரியின் காஸ்க் வரிசையாக நிற்பதே ஒரு கலகம். 1989-இன் பீர் ஆணைகள் பெரிய ப்ரூவரிகளின் பிடியைத் தளர்த்தி, பிற ப்ரூவரியிலிருந்து வரும் விருந்தாளி ஏலுக்குக் கதவைத் திறந்தன. 2002-இல் சிறு ப்ரூவரிகளுக்கு வரிச்சலுகை வந்தபின் எங்கு பார்த்தாலும் புது ப்ரூவரி. பம்பின் எண்ணிக்கை அந்தத் தலைமுறைக்குச் சுதந்திரத்தின் அளவுகோலாக இருந்ததில் வியப்பில்லை. போராட்டம் முடிந்தபின்னும் அளவுகோலைக் கீழே வைக்க மனம் வராததுதான் சிக்கல். தேர்வு வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: மூன்று போதும். ஒரு பிட்டர், ஒரு வெளிர் ஹாப் பீர், ஒரு கறுப்பு. பத்துப் பம்பு வைத்த இடங்களில் ஏழு ஒரே மாதிரி வெளிர் தங்க நிறமாக இருப்பதும், மைல்டுக்கோ போர்ட்டருக்கோ ஒரு பிடிகூட இல்லாமல் போவதும் அடிக்கடி கண்ணில் படுகிற காட்சி. அதைத் தேர்வு என்று எப்படிச் சொல்வது? நுவரெலியாவில் காய்ச்சிய லயன் ஸ்டவுட்டைக் கண்டியில் கைப்பம்பிலிருந்து ஊற்றிக் கொடுத்ததைப் பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் கொண்டாடி எழுதினார். பத்து வகை அங்கே கிடையாது. வெப்ப நாட்டில், இங்கிலாந்துக்கு அத்தனை தொலைவில், ஒரு கறுப்புப் பீர் பம்பில் உயிரோடு வந்தது என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

சாப்பாட்டைப் பற்றிய புலம்பல் எனக்குப் புரிவதே இல்லை. பொரித்த மீன் வாடையும் வியாழக்கிழமைக் கறி கிளப்பும் பப்பை உணவகமாக்கிவிட்டன என்கிறார்கள். ஆனால் காஸ்க் பீர் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: வாரநாளில் ஆள் நடமாட்டம். அதைக் கொண்டுவருவது தட்டு. புதன்கிழமை மதியம் பை சாப்பிட வரும் ஓய்வுபெற்ற தம்பதி ஆளுக்கொரு பைன்ட் எடுத்தால், மாலையில் வருகிறவனுக்குப் பீப்பாய் புதிதாக இருக்கும். பழைய நாளில் பப்பில் இப்படியெல்லாம் சாப்பாடு கிடையாது என்பவர்கள் பெருமையோடு நீட்டும் ப்ளோமேன்ஸ் லஞ்சே, போருக்குப் பிந்தைய காலத்தில் பாலாடைக்கட்டி விற்பனையைத் தூக்கிவிட நடந்த விளம்பரத்தால் பரவியதுதான். சமையலின் தரத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஸ்பூன்ஸ் (வெதர்ஸ்பூன்தான்) சிப்ஸ் பசியாற்றும், நினைவில் நிற்காது. அந்தத் தட்டு பக்கத்து மேசைக்காரருடைய கிளாஸுக்குச் செய்யும் உபகாரத்தைத்தான் சொல்கிறேன்.

கட்டடங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஸ்பூன்ஸ் ஆதரவாளர்கள் நிறுத்தமாட்டார்கள். டன்பிரிட்ஜ் வெல்ஸின் ஓபரா ஹவுஸ், ராம்ஸ்கேட் கடற்கரையில் 2017-இல் திறந்த ராயல் விக்டோரியா பெவிலியன், மான்செஸ்டரில் சினிமா கொட்டகையாக இருந்த மூன் அண்டர் வாட்டர். எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் கற்பனை செய்த பப்பின் இந்தப் பெயரை வைத்து, அவர் விரும்பியபடி இசையையும் விலக்கிவைத்தது நல்ல காரியம். ஆனால் மாபெரும் கூடம் என்றால் நிலவறைக்கும் பம்புக்கும் இடையே நீண்ட குழாய். ஓட்டமில்லாத பம்பின் குழாயில் இரவு முழுக்கத் தங்கிய ஒரு பைன்டுக்குக் குறையாத பீர், மறுநாள் முதல் ஆளின் கிளாஸில் விழுகிறது. பம்பு பத்தென்றால் குழாயும் பத்து.

விலை பற்றிய ஆட்சேபம் மட்டும் கனமானது. உயிருள்ள, கைப்பக்குவம் கேட்கிற ஒரு பானத்தைப் பாரிலேயே மலிவான பானமாக்கியது செயின்கள்தான்; அந்த மலிவு கடைசியில் சிறு ப்ரூவரியின் கழுத்தில் விழுகிறது என்கிறார்கள். மறுக்க முடியாது. ஆனால் மலிவுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் ஒரு செலவை இவர்களும் கணக்கில் எடுப்பதில்லை. மூன்றாம் நாள் தாண்டியதால் சாக்கடையில் ஊற்றிய பீர், அல்லது ஊற்றாமல் விற்று அதனால் திரும்பி வராத ஆள். பம்பைக் குறைத்தால் இந்த விரயம் குறையும், அந்தப் பணத்தில் ப்ரூவரிக்குக் கூடுதல் விலை கொடுக்க இடம் பிறக்கும். கொடுப்பார்களா என்பது வேறு கேள்வி.

பீப்பாய்க்குள் காற்று போகாமல் கார்பன் டை ஆக்ஸைடை மெல்லப் படரவிடும் காஸ்க் பிரீதர் இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு பத்தையும் ஓட்டலாமே என்பது இன்னொரு யோசனை. கேம்ராவே 2018-இல் தன் பழைய எதிர்ப்பைக் கைவிட்டது. நானும் எதிர்க்கவில்லை; கிராமத்துச் சின்னப் பப்புக்கு அது பேருதவி. ஆனால் அது பீரைப் புளிக்காமல் காக்குமே தவிர, இரண்டாம் நாள் மாலை வரும் அந்த மலர்ச்சியைக் காத்துவைக்காது. ஸ்பார்க்லர் பற்றிய வடக்குத் தெற்குச் சண்டையிலும் எனக்கு இதே மனநிலை. யார்க்‌ஷர் பீருக்கு முனையில் மாட்டிய அந்தத் துளைமூடி கிரீம் போன்ற நுரை தருவதை ரசிக்கிறேன். லூயிஸில் ஹார்வீஸ் காய்ச்சும் சஸெக்ஸ் பெஸ்ட்டுக்கு அதை மாட்டினால் கசப்பெல்லாம் நுரைக்கு ஏறி, கீழே தட்டையான தண்ணீர் நிற்கிறது. பெரிய குற்றம் வேறு: செத்த பீருக்கும் ஸ்பார்க்லர் அழகான நுரைத் தொப்பி போட்டுவிடும். முளையில் தவறவிட்டதை முனையில் மறைக்கும் வித்தை.

மறைப்பதில் அடுத்த படியும் வந்தாயிற்று. கார்ல்ஸ்பர்க் மார்ஸ்டன்ஸ் 2024-இல் ஃப்ரெஷ் ஏல் என்று ஒன்றைக் கொண்டுவந்தது: கெக்கில் அடைத்த பீர், கைப்பம்பு வழியாக வரும், இரண்டு வாரம் தாங்கும். இது குடிப்பவரை ஏமாற்றுவது என்று கேம்ரா சண்டைக்குப் போனது, போனது சரி. ஆனால் அந்தக் கம்பெனி சொன்ன காரணத்தைக் கூர்ந்து கேட்க வேண்டும்: ஓட்டம் குறைந்த பப்புகளில் காஸ்க் கெட்டுவிடுகிறது. நோயை அவர்கள் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். மருந்தாகப் பம்பைப் பொம்மையாக்கிவிட்டார்கள். இருபது வருடமாகப் பம்புகளை எண்ணிப் பாராட்டியவர்கள்தான், பிடிக்குப் பின்னால் எது இருந்தாலும் பிடி இருந்தால் போதும் என்ற நிலைக்கு வழி போட்டுக்கொடுத்தவர்கள்.

ஆகவே புதிதாகத் திறந்த ஸ்பூன்ஸுக்குப் போகிறவர் போக வேண்டியது திறப்பு விழா வாரத்தில் அல்ல. மூன்று மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை போய், அந்தப் பீர் இப்போது இல்லை என்பதற்கு அடையாளமாக எத்தனை கிளிப்பைப் பின்புறமாகத் திருப்பிவைத்திருக்கிறார்கள் என்று பார்க்கட்டும். பத்தில் ஏழு திரும்பியிருந்தால் குறை சொல்லி எழுதத் தோன்றும்; எழுத வேண்டாம். கீழே யாரோ விற்பனையைக் கணக்குப் பார்த்துப் பீப்பாய் திறக்கிறார் என்று பொருள். மிச்ச மூன்றில் கறுப்பு ஒன்று இருந்தால் அதையே கேட்கலாம். இல்லையென்றால், எது நேற்றுத் திறந்தது என்று பாரில் கேட்டு அதை எடுக்கலாம்.