குடம் பாடுகிறதா, கம்பி மட்டும் பாடுகிறதா?

தறி என்ற சொல்லுக்கு முன்னால் 'கை' என்று சேர்க்க வேண்டிய தேவை ஒரு காலத்தில் இருந்ததில்லை. திருபுவனத்தில் பட்டு நெய்தவர்களுக்கு அது வெறும் தறிதான். விசைத்தறி வந்த பின்னரே 'கைத்தறி' என்ற பெயர் வேண்டியதாயிற்று. 1985ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டமும் விசைத்தறி அல்லாத தறியே கைத்தறி என்று எதிர்மறையாகத்தான் இலக்கணம் கூறுகிறது.

இசைக் கருவிகளின் கதையும் இதுவே. மின் கிட்டார் 1930களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. அதுவரை கிட்டார் என்றால் கிட்டார்தான். அதற்குப் பிறகு பழைய மரக் கிட்டாருக்கு ஓர் அடைமொழி தேவைப்பட்டது. 'அக்கூஸ்டிக் கிட்டார்' என்றார்கள். நாம் அதனை இயல்பொலிக் கிட்டார் எனலாம். ராக் இசை வளர வளர, இந்த அடைமொழி ஒரு பெருமைப் பட்டமாகவே ஆகிவிட்டது. மின்சாரம் கலந்தது செயற்கை, கலவாதது தூய்மை என்ற எண்ணம் பரவியது. கருநாடக இசை கேட்போரிடமும் இதே எண்ணம் உண்டு. நம்முடைய கச்சேரி முழுவதும் இயல்பொலிதான் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

அந்த நம்பிக்கை சரிதானா? 'மின்சாரம் இல்லாதது' என்ற இலக்கணம் போதுமா? தஞ்சாவூர் வீணையைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

ஒலி கடக்கும் மூன்று கட்டங்கள்

ஒரு கம்பியை இரு ஆணிகளுக்கிடையே இறுக்கிக் கட்டி மீட்டிப் பாருங்கள். ஓசை மிகவும் மெலிதாகவே இருக்கும். கம்பி மெல்லியது, அது அதிரும்போது காற்று அதன் இருபுறமும் நழுவிவிடுகிறது. அதே கம்பியை ஒரு மரப்பெட்டியின்மீது கட்டி மீட்டினால் ஓசை பல மடங்கு எழுகிறது. இசைக்கவையைத் தட்டி மேசைமீது ஊன்றும் சோதனையைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் அறிவர். அங்கு நடப்பதும் இதுவே.

வீணையில் கம்பியின் அதிர்வைக் குதிரை வாங்கிக்கொள்கிறது; குதிரையிலிருந்து அது மேற்பலகைக்கும், பலாமரத்தைக் குடைந்து செய்த குடத்திற்கும் செல்கிறது. பரந்த பலகை காற்றைத் தள்ளுகிறது, ஒலி பிறக்கிறது. ஆனால் குடம் ஒலியைப் பெருக்குவதோடு நின்றுவிடுவதில்லை. கம்பி தரும் மேற்சுரங்களுள் சிலவற்றைத் தன் ஒத்ததிர்வால் உயர்த்துகிறது, சிலவற்றை அடக்குகிறது. ஒரே கம்பியை இரண்டு வீணைகளில் கட்டினாலும் இரண்டு குரல்கள் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

குதிரையும் சும்மா இருப்பதில்லை. வீணைக் குதிரையின் மேல் சற்றே வளைந்த உலோகத் தகடு உண்டு. கம்பி அதனை உரசியவாறே அதிர்கிறது. காவிரிக் கரையில் திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. இராமன், 1921இல் இந்தியத் தந்திக் கருவிகள் பற்றி எழுதிய ஆய்வில் இதனைக் கவனித்தார். ஒரு கம்பியைக் கணு ஒன்றில் மீட்டினால், அந்தக் கணுவுக்குரிய மேற்சுரம் எழக்கூடாது என்பது அறியப்பட்ட விதி. வீணையிலும் தம்புராவிலும் அந்த மேற்சுரங்களும் கேட்கின்றன என்றும், அதற்கு இந்தக் குதிரையின் அமைப்பே காரணம் என்றும் இராமன் காட்டினார்.

எனவே கருவியின் ஒலி மூன்று கட்டங்களைக் கடக்கிறது எனலாம். முதலில் அதிர்வு பிறக்கிறது. அடுத்து அது தனக்கெனக் குரல் பெறுகிறது. பிறகு பெருகிக் கேட்பவரை அடைகிறது. மின்சாரம் இவற்றுள் எந்தக் கட்டத்தில் நுழைகிறது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

மைக் வேறு, பிக்-அப் வேறு

கருவிக்கு முன்னால் சற்றுத் தள்ளி நிற்கும் சாதாரண மைக், காற்றில் வரும் ஒலியை வாங்குகிறது. குதிரையும் பலகையும் குடமும் தம் வேலையை முடித்த பிறகே அதற்கு வேலை. மின்சாரம் மூன்றாம் கட்டத்தில் மட்டும் நுழைகிறது.

மின் கிட்டாரில் உள்ள காந்தப் பிக்-அப் அப்படியன்று. காந்தத்தைச் சுற்றிக் கம்பிச்சுருள் இருக்கும். அதன்மேல் எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் மின்னோட்டம் எழுகிறது. 1831இல் மைக்கேல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இது. இங்குக் காற்றுக்கு வேலை இல்லை. குடத்தின் பங்கும் மிகக் குறைவு. கம்பியிலிருந்து நேராக மின்சாரம் பிறக்கிறது. குரலை மின்பெருக்கியும் ஒலிபெருக்கியும் கொடுக்கின்றன. மின் கிட்டாரைக் குடைவில்லாத கட்டைமரத்தால் செய்ய முடிவதும் இதனால்தான். வீணையில் இதைப் பொருத்தினால் இன்னொரு சிக்கலும் உண்டு. பித்தளை காந்தத்தால் ஈர்க்கப்படாத உலோகம். மந்தரமும் அனுமந்தரமும் பித்தளைக் கம்பிகளாக இருந்தால், பிக்-அப் அவற்றைச் சரிவர உணராது.

பலகையில் ஒட்டப்படும் காண்டாக்ட் மைக் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அழுத்தினால் மின்னழுத்தம் தரும் படிகங்களின் பண்பை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டனர். இவ்வகை மைக்குகள் பலவும் அந்தப் பண்பையே பயன்படுத்துகின்றன. இது பலகையின் அதிர்வை வாங்குகிறது. ஆனால் ஒட்டிய அந்த ஓர் இடத்தின் அதிர்வை மட்டுமே வாங்குகிறது. அதிரும் தகட்டின்மீது மணலைத் தூவினால், அசையாத கோடுகளில் மணல் சென்று சேரும் என்று 1787இல் கிளாட்னி காட்டினார். ஓர் அதிர்வெண்ணுக்கு அசையாத இடம் இன்னோர் அதிர்வெண்ணுக்கு நன்றாக அசையும். ஆகவே காண்டாக்ட் மைக்கை எங்கே ஒட்டுகிறோமோ அதற்கேற்ப வீணையின் குரல் மாறிவிடும்.

ஓர் எளிய சோதனை

இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஒலிபெருக்கியை ஒரு நிமிடம் அணைத்துவிட்டு, கருவியின் அருகே சென்று கேளுங்கள். அதே குரல் சிறுத்துக் கேட்டால் அது இயல்பொலி. வேறொரு குரல் கேட்டால் அது மின்னொலி. ஒன்றுமே கேட்கவில்லையென்றால் ஐயத்துக்கே இடமில்லை.

இந்தச் சோதனையை முதலில் ராக் மேடைக்கு வைத்துப் பார்ப்போம். சர்ச்சை பெரிதாக எழுந்த இடம் அதுதான். 1965 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் பாப் டிலன் மின் கிட்டாருடன் மேடையேறினார்; கூட்டத்தில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டு எதிர்த்தனர். ஆனால் அந்த விழாவில் மரக் கிட்டாருடன் பாடியவர்களின் பாட்டும் மைக், ஒலிபெருக்கி வழியாகத்தான் கூட்டத்தை அடைந்தது. எதிர்த்தவர்கள் மின்சாரத்தையே எதிர்க்கவில்லை. அது மூன்றாம் கட்டத்திலிருந்து இரண்டாம் கட்டத்துக்கு ஏறியதையே எதிர்த்தனர். அதைச் சொல்லச் சொல் இல்லாததால் 'மின்சாரம்' என்றனர்.

1989இல் எம்.டி.வி. தொலைக்காட்சி, 'செருகியைக் கழற்றிவிட்டோம்' என்று பொருள்படும் 'அன்பிளக்டு' என்ற தொடரைத் தொடங்கியது. 2011இல் அது இந்தியாவுக்கும் வந்தது. பெயர்தான் அப்படி, மேடை முழுவதும் மைக்குகளும் கம்பிகளுமே. 1993 நவம்பரில் நியூயார்க்கில் நிர்வாணா குழுவினர் அதற்காக வாசித்தபோது, குழுவின் தலைவர் கர்ட் கோபேன் வைத்திருந்தது பார்வைக்கு மரக் கிட்டார். ஆனால் பிக்-அப் பொருத்தப்பட்டு மின்பெருக்கி வழியாகவும் அது ஒலித்தது. நம் சோதனையில் அது முழுமையாகத் தேறாது. வேடிக்கை என்னவெனில், ராக் குழுவில் எவரும் இயல்பொலி என்று புகழாத டிரம்ஸ் செட் முழு மதிப்பெண் பெறும்! ஒலிபெருக்கி இல்லாவிட்டாலும் அது அதே குரலில் அதிரும்.

நம் மேடைகள் தேறுமா?

இனி நம் ஊருக்கு வருவோம். நாகசுரம் ஐயமின்றித் தேறும். ஆச்சா மரத்தில் நரசிங்கம்பேட்டையில் கடைந்து செய்யப்படும் இக்கருவி வீதிக்கென்றே பிறந்தது. தை மாதத்து இரவில் வயல்களுக்கு அப்பால் அடுத்த ஊர்க் கோயிலில் வாசிப்பது தெளிவாகக் கேட்கும். இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும், மேலே உள்ளது சற்று வெப்பமாயும் இருப்பதால், மேலே செல்லும் ஒலி வளைந்து மீண்டும் தரைக்கு வருகிறது. இத்தகைய கருவியைக் கூம்பு ஒலிபெருக்கியில் கொடுத்து அலறவிடுகிறார்களே, அது எதற்கு? கூம்பு ஒலிபெருக்கி தாழ்ந்த சுரங்களைச் சரியாகத் தராது. திமிரியைவிட நீண்ட, தாழ்ந்த சுருதியுள்ள பாரி நாகசுரத்தைப் பரவச் செய்தவர் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). அவர் தேடிய கனம் அந்தக் கூம்பிலேயே கரைந்துவிடுகிறது. இயல்பொலி என்பதால் மட்டும் நல்லொலி ஆகிவிடாது என்பதற்கு இது சான்று.

இதற்கு மறுதலையும் உண்டு. 1980களில் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) கருநாடக இசைக்குக் கொண்டுவந்தது மின் மாண்டலின். இரட்டைக் கம்பிகளை நீக்கி ஐந்து ஒற்றைக் கம்பிகளை அமைத்துக்கொண்டார். கமகங்கள் அதில் குழைந்து வந்தன. நம் சோதனையில் அது தேறாது; ஆனால் அந்த இசையைக் குறைத்துச் சொல்பவர் யார்? மின் கருவி என்று வெளிப்படையாகவே வந்தது. தனக்கென ஒரு குரலைப் படைத்துக்கொண்டது. குறை சொல்வதற்கு அதில் ஏதும் இல்லை.

குறை சொல்லவேண்டிய இடம் வேறு. பெரும்பாலான கச்சேரிகளில் மின் தம்புராவோ கைபேசியோதான் சுருதி கொடுக்கிறது. இராமன் வியந்த குதிரையும், கம்பிக்கடியில் வைக்கும் அந்தச் சிறு நூலும் அங்கு இல்லை. பாடகர் எந்த ஒலியின்மீது நின்று பாடுகிறாரோ அந்த ஒலியே மின்சுற்றில் பிறக்கிறது. கச்சேரி முழுவதும் இயல்பொலி என்ற நம் நம்பிக்கை இங்கேயே விழுந்துவிடுகிறது.

வீணையின் வழக்கு

வீணைக்காகப் பேசுவோர் ஒரு வலுவான நியாயத்தை முன்வைப்பர். வீணை மெல்லிய குரலுடையது. மீட்டிய ஒலி விரைவில் தேய்ந்துவிடும். கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரே மீட்டில் நாலைந்து சுரங்களைக் காட்டும்போது கடைசிச் சுரம் முன்வரிசைக்குக்கூட எட்டாது. பிக்-அப் வந்த பிறகு அந்த வால்பகுதியும் அரங்கம் முழுவதும் கேட்கிறது. வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் நடுவே வீணை தலைநிமிர்ந்து உட்கார முடிகிறது. கேட்காத குடத்தால் என்ன பயன் என்று அவர்கள் கேட்கிறார்கள்.

இதனை மறுப்பதற்கில்லை. பெருங்கூட்டம் கூடும் திருவையாறு தியாகராஜ ஆராதனைப் பந்தலில் தனி வீணை ஒலிபெருக்கி இல்லாமல் எவர் காதிலும் விழாது. ஆனால் இருநூறு பேர் அமர்ந்த சிறு மண்டபத்திலும் அதே பிக்-அப், அதே மின்பெருக்கி, அதே உலோகக் கூர்மை என்பதற்கு என்ன நியாயம்? ஒரு நல்ல மைக்கைக் குடத்தின் எதிரே ஓரடி தள்ளி வைத்து, பக்கவாத்தியங்களின் மைக்கைக் குறைத்தால் போதுமே. அது ஒலியமைப்பாளரின் பொறுமையைக் கேட்கும், பிக்-அப் கேட்காது. வசதிக்காகச் செய்வதைத் தேவை என்று சொல்லிக்கொள்கிறோம்.

இதில் இழப்பு யாருக்கு? தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பலாமரத்தைத் தேர்ந்து, குடத்தைக் குடைந்து, பலகையின் கனத்தைத் தட்டிக் கேட்டு, மெழுகின்மேல் 24 மெட்டுக்களை ஒவ்வொன்றாகச் சுருதி பார்த்துப் பதிக்கும் தொழில் அது. அந்த உழைப்பில் பெரும்பகுதி இரண்டாம் கட்டத்துக்கே உரியது. குரல் கொடுப்பதற்கே உரியது. கேட்பவர்களின் செவி கம்பியின் ஒலிக்கே பழகிவிட்டால், நல்ல குடத்துக்கும் சுமாரான குடத்துக்கும் வேறுபாடு தெரியாமல் போகும். தெரியாத வேறுபாட்டுக்கு எவரும் கூடுதல் விலை தரமாட்டார்கள். புவிசார் குறியீட்டால் வீணையின் பெயரைக் காக்க முடியும். அதன் குரலைக் காக்கக் கேட்பவர்களால்தான் முடியும்.

ஆகவே இயல்பொலி, மின்னொலி என்ற பெயர்களை உயர்வு தாழ்வாகக் கொள்ளவேண்டாம், உண்மையாகக் கொள்வோம். கைத்தறிச் சேலைக்கு முத்திரை இருப்பதுபோல், வீணை மைக்கில் வாசிக்கப்படுகிறதா, பிக்-அப்பிலா என்பதை நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி அச்சிடலாம். செலவில்லாத காரியம் இது.

வீட்டில் வீணையோ கிட்டாரோ உள்ள மாணவர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். கைபேசியில் இருமுறை ஒலிப்பதிவு செய்யுங்கள். ஒருமுறை கைபேசியை ஓரடி தள்ளி வையுங்கள்; மறுமுறை கருவியின் பலகைமீதே வையுங்கள். மெட்டும் கம்பியும் கையும் ஒன்றாகவே இருக்கட்டும். பின்னர் இரண்டையும் ஒரே அளவில் ஒலிக்கவிட்டு, பக்கத்து அறையில் இருப்பவரிடம் எது குடத்தின் குரல் என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் அந்தச் செவி இன்னும் பழுதுபடவில்லை.