தொப்பி போட்ட பூனைக்கு எத்தனை மார்க்?

குழந்தைக்கு முதல் புத்தகம் வாங்கப் போகிறீர்களா? அட்டையில் மயங்காதீர்கள். ஒரே ஒரு கேள்வி போதும்: இதைக் கையில் கொடுத்தால், அடுத்த பக்கத்தைக் குழந்தை தானாகப் புரட்டுமா?

இந்தச் சின்ன விஷயத்தில் அமெரிக்காவே கோட்டை விட்டிருந்தது. 1930-களிலிருந்து அங்கே பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படித்தது 'டிக் அண்ட் ஜேன்' புத்தகங்களை. அண்ணன் ஓடுவான். தங்கை 'பார், பார்' என்பாள். நாயும் ஓடும். தீர்ந்தது கதை! 'ஹிரோஷிமா' எழுதிய ஜான் ஹெர்ஸி 1954-ல் 'லைஃப்' பத்திரிகையில் இவற்றை வெளுத்து வாங்கினார். டாக்டர் சூஸ் மாதிரி ஆட்களைப் படம் போட வைக்கக் கூடாதா என்றும் கேட்டார்.

வில்லியம் ஸ்பால்டிங் என்ற பதிப்பாளர் சூஸிடம் ஒரு சொல்பட்டியலை நீட்டினார். இதற்குள்தான் எழுத வேண்டும். ஆனால் பிள்ளைகள் கீழே வைக்கக் கூடாது. அப்படி 1957-ல் பிறந்ததுதான் 'தி கேட் இன் தி ஹேட்'.

வெவ்வேறு சொற்கள் வெறும் 236. அவற்றைத் திருப்பித் திருப்பிப் போட்டு 1,600-க்கு மேல் எழுதியிருக்கிறார். பி.காம். மூளைக்குச் சரக்கு ஏறக்குறைய ஏழு முறை சுழன்றது தெரிகிறது. படிக்கிற குழந்தைக்குத் தெரியாது. காரணம், கதை. மழை நாள். அம்மா வீட்டில் இல்லை. தொப்பி போட்ட பூனை ஒன்று நுழைந்து வீட்டைத் தலைகீழாக்குகிறது. தொட்டி மீன் மட்டும் கத்தோ கத்தென்று கத்துகிறது. அம்மா வருவதற்குள் என்ன ஆகும்? யார்தான் புரட்ட மாட்டார்கள்!

வரி முடிவுகள் ஓசையில் ஒத்துப் போவதால், அடுத்த சொல்லைக் குழந்தையே ஊகித்துவிடும். பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். என் அண்ணன் மகள் ஆறு வயதில் இதை மடமடவென்று 'வாசித்தாள்'. வீடே கைதட்டியது. ஒருநாள் படத்தைக் கையால் மறைத்து, நடுவில் ஒரு சொல்லைக் காட்டினேன். திணறிவிட்டாள். அத்தனையும் மனப்பாடம்!

"அப்போ எனக்குப் படிக்கத் தெரியாதா சித்தப்பா?" என்றபோது கண் கலங்கியிருந்தது. பரீட்சை வைத்த என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

அதன் பிறகு தினமும் பக்கத்தில் உட்கார்ந்து, விரல் வைத்து, மெதுவாகப் படித்தோம். அலுத்த புத்தகமாக இருந்தால் மூன்றாம் நாளே ஓடியிருப்பாள். இது தாங்கியது. ஒரு மாதம் கழித்து, தூக்கக் கலக்கத்தில் நான் படிக்கும்போது சட்டென்று கையைப் பிடித்தாள். "சித்தப்பா, ஒரு வார்த்தையை விட்டுட்டீங்க."

கடைசிப் பக்கத்துக்காக இன்னும் கொஞ்சம் மார்க் போடலாம். அம்மா வந்து, என்ன செய்தீர்கள் என்று கேட்கிறாள். நடந்ததைச் சொல்வதா, வேண்டாமா? சூஸ் நீதி சொல்லவில்லை. நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று படிக்கிற குழந்தையையே கேட்டுவிட்டு முடிக்கிறார்.

வாங்கிக் கொடுங்கள். கூடவே நீங்களும் உட்காருங்கள்.