இரண்டு பொய்க் கழுகுகளும் ஒரு நிஜக் கழுகும்

நம் ஊர் மேடைகளில் ரொம்ப நாளாக இரண்டு கழுகுகள் பறந்துகொண்டிருக்கின்றன. நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

முதலாவது, தன்னம்பிக்கைக் கழுகு. நாற்பது வயதில் அதற்கு அலகு வளைந்து, நகம் மழுங்கி, இறகு கனத்துப் போய்விடுமாம். உடனே மலை உச்சிக்குப் போய் அலகைப் பாறையில் மோதி உடைத்துக்கொள்ளுமாம். புது அலகு முளைத்ததும் நகங்களைப் பிடுங்கிப் போட்டு, ஐந்து மாதம் தவம் கிடந்து, அப்புறம் இன்னொரு முப்பது வருஷம் ஜம்மென்று பறக்குமாம். பள்ளிக்கூட ஆண்டுவிழா, கம்பெனி பயிற்சி வகுப்பு, காலை நேர வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் இந்தக் கதைக்குக் கைதட்டல் நிச்சயம்.

இரண்டாவது, பிணந்தின்னிக் கழுகு. அரசியல் மேடையில் எதிர்க்கட்சிக்காரர், சினிமா வசனத்தில் வில்லன், டீக்கடையில் கந்துவட்டிக்காரர் என்று பலருக்கும் இந்தப் பட்டம் உண்டு. இதற்கும் கைதட்டல் நிச்சயம்.

இரண்டுமே பொய். அலகு என்பது நம் நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும். உபயோகத்தில் தேய்ந்துகொண்டும் இருக்கும். அதை வேரோடு உடைத்துக்கொண்ட கழுகு சாப்பிட முடியாமல் கொஞ்ச நாளில் செத்துப்போகும். மறுபிறவியெல்லாம் கிடையாது. அடுத்தது, அந்தப் பிணந்தின்னி. அது யாரையும் சாகடிப்பதில்லை. செத்ததைத் தின்கிறது, அவ்வளவுதான். அடைப்பான் நோய்க் கிருமியைக்கூடக் கரைத்துவிடும் அமிலம் அதன் வயிற்றில். சம்பளம் வாங்காத துப்புரவுப் பணியாளரின் பெயரை வசவாக்கி வைத்திருக்கிறோம்.

இந்தக் குழப்பத்தில் பாதி, மொழியால் வந்தது. இங்கிலீஷில் ஈகிள் வேறு, வல்ச்சர் வேறு. நாம் இரண்டையும் கழுகு என்கிறோம். அதனால் ஒரே சொல் ஒரு மேடையில் பாராட்டு, பக்கத்து மேடையில் திட்டு. சங்கப் புலவர்கள் இவ்வளவு அலட்சியமாக இல்லை. பருந்து என்றும், எருவை என்றும், பாறு என்றும் தனித்தனியாகப் பார்த்துப் பெயர் சொன்னார்கள். நீலகிரிப் பக்கம் இந்தப் பறவைகளுக்காக வேலை செய்யும் 'அருளகம்' அமைப்பினர் 'பாறு' என்ற சொல்லைத் தூசி தட்டி மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செம்முகப் பாறு, மஞ்சள்முகப் பாறு. உச்சரித்துப் பாருங்கள். திட்டுவதற்குத் தோதாக இல்லை. அதுவே அந்தச் சொல்லின் முதல் வெற்றி.

இனி நிஜப் பறவைக்கு வருவோம். 1992-லிருந்து 2007-க்குள் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. காரணம் தெரியாமல் உலகமே விழித்தது. பாகிஸ்தானில் செத்துக் கிடந்த பாறுகளை அறுத்துப் பார்த்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் 2004-ல் விடை சொன்னார்கள்: டைக்ளோஃபினாக். மாட்டுக்குப் போடும் வலி ஊசி. ஊசி போட்டும் பிழைக்காத மாட்டைத் தின்ற பாறுவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்பு மாதிரி படிந்துவிடுகிறது. சில நாளில் சாவு. நூறு மாட்டில் ஒரு மாட்டின் உடலில்கூட மருந்து இருக்க வேண்டியதில்லை. அதற்கும் குறைவே போதும், இனம் அழிய. ஒரே மாட்டை ஊரே கூடித் தின்கிற பறவை அல்லவா?

2006-ல் கால்நடைக்கு டைக்ளோஃபினாக் தடை வந்தது. மெலாக்சிகாம் என்ற பாதுகாப்பான மாற்று மருந்தும் இருந்தது. பிரச்னை தீர்ந்ததா? மனிதர்களுக்கு என்று லேபிள் ஒட்டி 30 மில்லி குப்பிகள் கடைக்கு வந்தன. மனிதருக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும். பெரிய குப்பி யாருக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். 2015-ல் 3 மில்லிக்கு மேல் கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட, மருந்து கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு செல்லும் என்றது. அதற்குள் வேறு மருந்துகள். அசிக்ளோஃபினாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும்! அதையும் கீட்டோபுரோஃபெனையும் கால்நடைக்குத் தடை செய்ய 2023 ஆகிவிட்டது. நிமிசுலைடு தடைக்கு 2024 டிசம்பர். விஷத்தைக் கண்டுபிடித்து இருபது வருஷம் கழித்து.

திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் நடுவே இருக்கிறது கீழ்பென்னாத்தூர். அங்கே ஒரு மருந்துக் கடையில் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் டாக்டர் சீட்டு இல்லாமல் மாட்டு ஊசி தராதவர். அவர் கேட்டார்: "எனக்கு ஒரு டவுட்டு சார். இந்தப் பக்கம் அந்தக் கழுகே கிடையாது. அப்புறம் எதுக்கு எங்களுக்கு இந்தச் சட்டம்?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் முந்திக்கொண்டார். "யார்யா கிடையாதுன்னது? அப்போல்லாம் செத்த மாட்டை ஏரிக்கரையாண்ட போட்டா, பெரிசு பெரிசா வந்து குந்தும். அரை நாள்ல வெறும் எலும்புதான்பா கெடக்கும். இப்ப நாயிங்க இழுத்துகினு திரியுது."

கடைக்காரர் கேள்விக்குப் பெரியவர் சொன்னதே பதில். இல்லாமல் போன பறவை திரும்பி வர வேண்டுமானால், வருகிற இடத்தில் விஷம் இருக்கக்கூடாது. தமிழ்நாட்டில் பாறுகள் இன்று கூடு கட்டும் மோயாறு பள்ளத்தாக்கு கீழ்பென்னாத்தூரிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். இரை தேடி ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் பறக்கக்கூடிய பறவைக்கு அது பெரிய தூரமில்லை.

பெரியவர் சொன்ன நாய்களும் சும்மா இல்லை. ஈயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2024-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பாறுகள் அழிந்ததால் 2000 முதல் 2005 வரை இந்தியாவில் கூடுதலாகச் செத்த மனிதர்கள் சுமார் ஐந்து லட்சம். அழுகிய சடலம், கெட்ட தண்ணீர், பெருகிய நாய், வெறிநாய்க்கடி. பிணந்தின்னி என்று யாரைத் திட்டினோமோ அது போன பிறகு, பிணங்கள் நம் பக்கம் கூடிவிட்டன.

இப்போது பத்திரிகைகள்மேல் ஒரு குறை. 2023 பிப்ரவரியில் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்றும் சேர்ந்து ஒரே நேரத்தில் பாறுகளை எண்ணின. 246. அதே வருஷம் டிசம்பர் கடைசியில் மறுபடி எண்ணின. 320. 'எண்ணிக்கை உயர்ந்தது' என்று தலைப்பு போட்டுவிட்டோம். கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? ஒரு ஜோடி வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். முட்டையெல்லாம் குஞ்சாவதில்லை, குஞ்செல்லாம் பறப்பதில்லை. பத்து மாதத்தில் 74 பறவை கூடியது பிறப்பால் மட்டும் இருக்க முடியாது. எந்தப் பருவத்தில், எத்தனை இடத்தில், எத்தனை ஜோடிக் கண்கள் வானத்தைப் பார்த்தன என்பதும் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. மூன்று மாநிலமும் ஒரே நேரத்தில் எண்ணுவதே, காலையில் முதுமலையில் பார்த்த பறவையை மத்தியானம் வயநாட்டில் இன்னொருவர் கணக்கில் சேர்த்துவிடக்கூடாது என்பதற்காகத்தான்.

நிஜமான செய்தி வேறு இடத்தில் இருக்கிறது. மோயாற்றங்கரை நீர்மருது மரங்களில் எச்சத்தால் வெள்ளையடித்த மாதிரி தெரியும் கிளைகளைத் தொலைவில் நின்று மாதக்கணக்கில் கவனிக்கிறார்கள். எத்தனை கூட்டில் முட்டை, எத்தனையில் குஞ்சு, அதில் எத்தனை சிறகு முளைத்துப் பறந்தது. இந்த மூன்றாவது எண்ணுக்குத் தலைப்பு போட்ட பத்திரிகையை நான் இன்னும் பார்க்கவில்லை. கூடு கலைந்த வருஷமும், புலி அடித்த மாட்டின்மேல் யாரோ விஷம் தடவியதால் பாறு செத்த வருஷமும் இந்தப் பொறுமையான நோட்டுப் புத்தகங்களில்தான் பதிவாகின்றன.

கணக்குப் பார்ப்பது நமக்குப் புதிதும் இல்லை. திருக்கழுக்குன்றத்தில் தினமும் உச்சிவேளைக்குச் சற்று முன்னால் இரண்டு மஞ்சள்முகப் பாறுகளுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் காத்திருந்தார்கள். ஒருவிதத்தில் அது தினசரி வருகைப் பதிவேடு. பறவை வராத நாளில் கூட்டத்தில் பாவி யாரோ இருக்கிறான் என்பார்களாம். அவை வருவது நின்று பல வருஷமாகிறது. ஊரின் பெயரில் மட்டும் கழுகு இருக்கிறது.

பேச்சாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுவிழாவில் அந்த நாற்பது வயதுக் கழுகை விட்டுவிட்டு, இந்தப் பாறுவின் கதையைச் சொல்லுங்கள். இதிலும் மலை இருக்கிறது, சாவு இருக்கிறது, பிழைத்து வர ஒரு சின்ன வாய்ப்பும் இருக்கிறது. கேட்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் மாடு நிற்கும். ஊசி போட ஆள் வரும்போது "இது மெலாக்சிகாம்தானே?" என்று ஒரு பிள்ளை கேட்டால் போதும். கைதட்டல் கொஞ்சம் குறையலாம். பரவாயில்லை.