நிரப்பப்படாத பீப்பாய்

லூயி பாஸ்டரின் பெயரை நாம் பாலோடு இணைத்தே அறிவோம். ஆனால், இளஞ்சூட்டில் காய்ச்சிக் கெடாமல் காக்கும் முறையை அவர் வகுத்தது பாலுக்காக அன்று, திராட்சை இரசத்துக்காகவே. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் 1863-இல் விடுத்த வேண்டுகோளின் பயனாக, 1866-இல் வெளிவந்தது 'திராட்சை இரசம் பற்றிய ஆய்வுகள்' என்னும் அவரது நூல்.

நூலின் சிறப்பு அதன் ஒழுங்கில் உள்ளது. இரசம் புளித்தல், கசத்தல், கொழகொழத்தல் ஆகிய ஒவ்வொன்றையும் ஒரு 'நோய்' எனப் பிரித்து, அதற்குரிய நுண்ணுயிரை நுண்ணோக்கியில் கண்டு, படமாக வரைந்து காட்டுகிறார் ஆசிரியர். ஐம்பது முதல் அறுபது பாகை வெப்பத்தில் அவற்றை அழிக்கலாம் என்பது அவர் கண்ட மருந்து.

எனினும், நோயும் மருந்தும் என்னும் இவ்வமைப்பே நூலின் குறையுமாயிற்று. நுண்ணுயிர் என்றாலே பகை என்னும் எண்ணத்தோடு வாசகர் பலர் நூலை மூடிவிட்டனர். இதற்கு மறுசான்று பாஸ்டர் வளர்ந்த அர்புவா நகரிலேயே இருந்தது.

பிரான்சின் கிழக்கே ஜூரா மலைச்சாரலுக்கு அப்பால் அதிகம் அறியப்படாத வெண்திராட்சை சவாஞ்ஞேன். இதன் இரசம் நொதித்தபின் ஓக் மரப் பீப்பாயில் இடப்படுகிறது. ஆவியாகிக் குறைவதை அவ்வப்போது நிரப்புவதே பிற இடங்களின் வழக்கம், இங்கோ நிரப்புவதில்லை. காற்றுப்பட்ட மேற்பரப்பில் நொதிநுண்மங்கள், பாலின்மேல் ஏடு படர்வதுபோல் மெல்லிய திரையாகப் படர்ந்து இரசத்தைக் காக்கின்றன. அறுவடைக்குப் பின் ஆறாம் ஆண்டின் டிசம்பர் 15 வரை காத்திருக்க வேண்டும். ஒரு லிட்டரில் எஞ்சுவது ஏறத்தாழ 62 சென்டிலிட்டர். அதன் தனிக்குப்பியின் கொள்ளளவும் அதுவே. 'மஞ்சள் இரசம்' எனப்படும் இதற்கு அக்ரூட் பருப்பின் மணமும், நம் வெந்தயத்தின் மணமும் உண்டு. வெந்தயத்துக்கு மணமூட்டும் சோட்டோலோன் என்னும் பொருளே இதிலும் உள்ளது.

எல்லாப் பீப்பாய்களும் தேறுவதில்லை. சில புளித்துப் போகும். இரசத்தின்மேல் பூக்கும் நுண்ணுயிர் வேறு, அதைக் காடியாக்கும் நுண்ணுயிர் வேறு என்பதைப் பாஸ்டரே பிரித்துக் காட்டினார். ஆனால் அந்த நுட்பமான வேறுபாட்டை விட, அழிக்கும் முறையே உலகெங்கும் பரவியது. நூலின் புகழ் நூலுக்கே அநீதி செய்தது எனலாம்.

மாறுவது வேறு, கெடுவது வேறு. திருப்பலிக்குரிய இரசம் திராட்சையிலிருந்து இயல்பாகப் பெறப்பட்டதாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்கவேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 924-ஆம் எண் விதிக்கிறது. மாறாததாக இருக்கவேண்டும் என்று விதிக்கவில்லை. மஞ்சள் இரசத்துக்குப் புகழ்பெற்ற ஷாத்தோ-ஷலோன் ஊரார் விளைச்சல் தரமற்றிருந்த 1974, 1980, 1984, 2001 ஆகிய ஆண்டுகளில் தங்கள் ஊர்ப்பெயரில் இரசம் செய்யவே மறுத்தனர். தகாததைத் தொடக்கத்திலேயே விலக்கவும், தக்கதை நெடுங்காலம் நம்பி விட்டுவைக்கவும் தெரிந்தவர்கள் அவர்கள்.

பிள்ளைகளையும் பங்குச் சமூகங்களையும் வளர்க்கும் நமக்கும் இவ்விரண்டு அறிவும் தேவை. பாஸ்டரின் நூல் முதலாவதைத் தெளிவாகக் கற்பிக்கிறது. இரண்டாவதைக் கற்க, அந்நூலோடு அவருடைய ஊரின் பீப்பாயையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.